கள்ளிக்காட்டில் கொழுக்கட்டைப்புல்

கேள்வி: அரிசோனாவின் டூசான் நகரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊரைச் சுற்றி மரம் உயரத்துக்குக் கள்ளி, லெமன் மலைக்குக் காரில் ஒரு மணி நேரம் ஏறினால் பைன் காடு. எப்படி இது? அப்புறம், கீழே சிலர் கடப்பாரையால் புல்லைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நம்ம கொழுக்கட்டைப்புல் மாதிரியே இருந்தது. பாலைவனத்தில் முளைக்கிற புல்லையும் ஏன் பிடுங்க வேண்டும்? (ஒரு வாசகி, காங்கேயம்)

பதில்: நீங்கள் பார்த்தது கொழுக்கட்டைப்புல்லேதான் அம்மா.

முதலில் மலை. டூசான் சுமார் 730 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லெமன் உச்சி 2,791 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், மழையும் கூடும். அந்தப் பெரிய கள்ளி, சகுவாரோ, ஒரு ராத்திரி உறைபனியைத் தாங்கிவிடும். மறுநாள் பகலிலும் பனி உருகாமல் நின்றால் செத்துப்போகும். அதனால்தான் வெயில் படும் தெற்குச் சரிவில் அது அதிக உயரம் வரை ஏறி நிற்கிறது, வடக்குச் சரிவில் சீக்கிரமே நின்றுவிடுகிறது. ஃபாரஸ்ட் ஷ்ரீவ் என்ற தாவரவியலாளர் இதே மலைத்தொடரில் இதையெல்லாம் அளந்து 1915-ல் ஆய்வாக வெளியிட்டார்.

சரி, புல். உங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் காங்கேயம் மாடு மேய்வதால் அது மட்டுப்பட்டு நிற்கிறது, அங்கே அது சொத்து. அமெரிக்காவுக்கும் தீவனத்துக்கென்றுதான் கொண்டுபோனார்கள். ஆனால் டூசானைச் சுற்றியுள்ள சோனோரன் பாலையில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண்தான், தீப்பிடித்தாலும் பரவ வழியில்லாமல் அணைந்துவிடும். அந்த இடைவெளிதான் அந்த நிலத்தின் உயிர், அதைத்தான் இந்தப் புல் நிரப்புகிறது. காய்ந்த புல்லில் தீ ஓடினால், முதல் கிளை விடவே ஐம்பது, எழுபது வருஷம் எடுத்துக்கொள்ளும் சகுவாரோ வெந்துபோகும், மறுபடி துளிர்க்காது. புல் மட்டும் அடுத்த மழையில் தளதளவென்று வந்துவிடும். மேலே பைன் காட்டில் தீ புதிதல்ல. 2020 ஜூனில் மின்னல் விழுந்து அந்த மலைத்தொடரில் சுமார் 1,20,000 ஏக்கர் எரிந்தது. அதற்குப் புல் காரணமில்லை, ஆனால் அடிவாரம் முழுக்கப் புல்லாகிவிட்டால் கீழே பிடித்த தீ மேலேயும் மேலே பிடித்த தீ கீழேயும் போய்வர ஒரு திரி கிடைத்துவிடும். எனக்குப் பெரிய பயம் அதுதான்.

கடப்பாரை எதற்கென்றால், அடித்தூரோடு பெயர்க்காவிட்டால் திரும்பத் துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும் என்பதால், பிடுங்கிய இடத்துக்கே அடுத்தடுத்த வருஷமும் போக வேண்டும். வேலை செய்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். உங்கள் மகனுக்கு நேரமிருந்தால் ஒரு சனிக்கிழமை போகச் சொல்லுங்கள், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது போனால் வேர் சுலபமாக வரும்.