வேலூர் வெயிலுக்கும் பாலாற்றுத் தண்ணீருக்கும் ஏற்ற பொருள்கள்: கேள்வி பதில்

காட்பாடியில் முப்பது ஆண்டுகளாக மின்சாதனங்களைப் பழுது பார்த்து வருகிறேன். சுற்றுச்சூழலுக்குத் தீங்கு குறைந்த பொருள்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பழைய வட ஆர்க்காட்டின் பல ஊர்களிலிருந்தும் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தப் பொருளானாலும் அது ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கப் போகிறது, நம் ஊர்த் தண்ணீரையும் வெயிலையும் தாங்குமா, பழுதானால் பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்த பிறகே கருத்துச் சொல்லியிருக்கிறேன்.

சத்துவாச்சாரி, இல்லத்தரசி: ஐயா, எங்கள் வீட்டில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நான்கு மின்விசிறிகள் இருக்கின்றன. நான்கையும் கழற்றிவிட்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி போட்டுவிடலாமா?

பதில்: நான்கையும் மாற்ற வேண்டியதில்லை அம்மா. பழைய விசிறி முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறி அதே காற்றை 30 வாட் அளவிலேயே தந்துவிடும். நம் ஊரில் பங்குனி பிறந்தது முதல் ஆவணி முடியும்வரை கூடத்து விசிறியும் படுக்கையறை விசிறியும் நாளுக்குப் பதினைந்து மணி நேரமாவது சுற்றுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட், இரண்டுக்கும் சேர்த்து 80 யூனிட் மிச்சமாகும். இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போய்விடும் என்பதால், அந்த எல்லையை ஒட்டி நிற்கும் குடும்பத்துக்கு இந்த 80 யூனிட் பெரிய தொகை. ஆனால் விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும் அறையில், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டால், இரண்டு மாதத்தில் மூன்று யூனிட்கூடத் தேறாது. மூன்று யூனிட்டுக்காக ஒரு புது விசிறியின் செம்பையும் அலுமினியத்தையும் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

மாற்றும் முன் இன்னொன்றையும் பாருங்கள். விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கண்டென்சர் மட்டுமே போயிருக்கும். கொக்கிக்குக் கீழே உள்ள மூடியை இறக்கினால், 2.5 என்று அச்சிட்ட அந்தச் சிறிய பெட்டி வயிறு உப்பி, ஓரத்தில் விரிசல் விட்டிருப்பது கண்ணுக்கே தெரியும். சிறு செலவில் அதை மாற்றிவிட்டால் விசிறி பழைய வேகத்துக்கு வந்துவிடும். பி.எல்.டி.சி. வாங்குவதென்று முடிவு செய்தால், அதை வேலை செய்ய வைக்கும் மின்னணுப் பலகைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுத்தில் கேளுங்கள். சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரின் வழியாக அதற்கு இணைப்புக் கொடுக்காதீர்கள். கூரை விசிறிகளுக்கு, மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்டதால், முத்திரை இல்லாததை வாங்கவே வேண்டாம்.

இராணிப்பேட்டை, தனியார் நிறுவன ஊழியர்: அண்ணா, மேல்மாடியில் குடியிருக்கிறோம். அக்னி நட்சத்திரத்தில் குழந்தையால் தூங்க முடியவில்லை. சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஏ.சி. என்று ஒன்று உண்டா?

பதில்: கெடுதல் குறைந்தது உண்டு தம்பி. ஆனால் அதற்கு முன் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் நள்ளிரவுவரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும், ஏ.சி. போட்டால் அது அந்தத் தளத்தோடுதான் போராடும். வீட்டு உரிமையாளரிடம் பேசித் தளத்துக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். அறைச் சூடு இரண்டு மூன்று டிகிரி குறையும். சுண்ணாம்பு அடித்தாலும் பயன் உண்டு, ஆனால் மழையில் கரைந்துவிடும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் மாசியில் புதுப்பிக்க வேண்டும்.

அதன் பிறகும் தேவைப்பட்டால், சிறிய அறைக்கு ஒரு டன் போதும். நட்சத்திரங்களை எண்ணுவதோடு நிற்காமல், முத்திரையில் அச்சிட்டிருக்கும் ஆண்டையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்கிக்கொண்டே வருவதால், பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு அதே தரம் ஆகாது. உள்ளே இருக்கும் வாயுவும் முக்கியம். ஆர்-410ஏ வாயு காற்றில் கலந்தால் அதே எடைக் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 2,088 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆர்-32 வாயுவுக்கு அது 675 மடங்கு. ஆர்-290 என்னும் புரொப்பேனுக்கு மிகமிகக் குறைவு. ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஸ் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். 24 டிகிரியில் வைத்து, கூடவே விசிறியை மெதுவாக ஓடவிட்டால் குழந்தைக்கு அதுவே இதம்.

வாணியம்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தெருவில் எல்லோரும் தண்ணீரின் உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. கருவி வைத்துவிட்டார்கள். வீணாகும் தண்ணீரை நினைத்தால் எனக்கு வாங்க மனம் ஒப்பவில்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது ஐயா. கரைந்துள்ள உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்கத் தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. காவிரி கூட்டுக் குடிநீர் உங்கள் வீட்டுக்கு ஒழுங்காக வந்து, அளவும் 500க்குள் இருந்தால் ஆர்.ஓ. வேண்டாம், கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கலாம், அல்லது புற ஊதாக் கதிர்ச் சுத்திகரிப்பான் போதும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டுமே நம்பியிருந்தால் கதை வேறு. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களின் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது உங்களுக்கே தெரியும். உப்பும், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகமும் கொதிப்பதால் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அவற்றின் அடர்த்திதான் கூடும். கையடக்க மீட்டர் மொத்த உப்பைக் காட்டுமே தவிர, அதில் குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. ஆகவே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்து, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். தேவை என்று தெரிந்தால் வாங்குவதில் குற்றவுணர்ச்சி வேண்டாம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள். என் வீட்டில் அளந்து பார்த்தபோது நல்ல தண்ணீர் ஒரு சொம்பு நிறைவதற்குள் கழிவு நீர் மூன்று சொம்பு வெளியேறியது. அதை இப்போது ஒரு பீப்பாயில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்கிறோம். தொடக்கத்தில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவந்தேன். இரண்டே மாதத்தில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது, காரணம் அந்த உப்புதான்.

ஆம்பூர், கல்லூரி மாணவி: எங்கள் குடும்பமே தோல் தொழிலை நம்பியது. ஆனாலும் தோல் செருப்பு வாங்கவே தயக்கமாக இருக்கிறது. விலங்குத் தோல் இல்லாதது என்று சொல்லி 'வீகன் லெதர்' என்று விற்பதை வாங்கினால் நல்லதா ஐயா?

பதில்: பாலாற்றங்கரையில் நின்றுகொண்டு இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது அம்மா. தோல் கழிவால் ஆறும் கிணறும் வயலும் கெட்டதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியும், ஐயம் இருக்கும்போதே முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற நெறியும் இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது நம் மாவட்டத்து மக்களின் அந்த வழக்கால்தான். இதை நான் பெருமையோடு சொல்கிறேன், அந்த நிலை வரும்வரை இழந்த கிணறுகளை மறந்துவிட்டுச் சொல்லவில்லை.

இனி உங்கள் செருப்புக்கு வருவோம். 'வீகன் லெதர்' என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை துணியின் மேல் பாலியூரித்தேனோ பி.வி.சி.யோ பூசியவை, நாம் வெகுகாலமாக ரெக்சின் என்று அழைத்துவந்ததன் உறவினர்கள். நம் வெயிலில் அந்தப் பூச்சு சீக்கிரமே வெடித்துச் செதிலாக உரிந்துவிடும், அதன் மேல் தையலும் நிற்காது. தோலிலும் இரண்டு வகை உண்டு. குரோமியத்தால் பதனிடுவது விரைவான முறை; ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிடுவது வாரக்கணக்கில் ஆகும் பழைய முறை. பட்டை முறையிலும் கழிவு நீர் உண்டு, அதையும் சுத்திகரித்தே ஆக வேண்டும். ஆனால் குரோமியம் அதில் இல்லை. கடையில் வாரின் வெட்டு ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அநேகமாகக் குரோம் தோல், அடிவரை பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டைத் தோலில், அடிப்பாகம் ஒட்டாமல் தைத்திருக்கும் ஒரு சோடியை வாங்கி, அடி தேயும்போதெல்லாம் மாற்றித் தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையதற்குப் பேருந்து நிலையத்தருகே உள்ள தொழிலாளி மூன்று முறை அடி மாற்றிவிட்டார், வார் இன்னும் உறுதியாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள்; தோலைத் தொட்டே இனம் சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேல்விஷாரம், வணிகர்: மின்சார ஸ்கூட்டருக்கும் நிலக்கரியைத்தானே எரிக்கிறார்கள், பிறகு என்ன இலாபம்?

பதில்: நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். பெட்ரோல் வண்டி 100 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் குடித்தால் ஏறக்குறைய 4.6 கிலோ கரியமில வாயு வெளியாகும். மின்சார வண்டி அதே தொலைவுக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, மூன்றரை யூனிட் எடுக்கும் என்று கொள்வோம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்ற கணக்கில் அது 2.5 கிலோ. நிலக்கரியோடு சேர்த்துப் பார்த்தாலும் ஏறத்தாழ பாதிதான். நாள்தோறும் வேலூருக்குப் போய் வருபவர் மாற்றலாம். வாரம் ஒருமுறை சந்தைக்கு மட்டும் எடுப்பவர், ஓடுகிற வண்டியையே நன்றாகப் பராமரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆம்பூர், உணவகத்துக்கு அடிக்கடி செல்பவர்: பிரியாணிப் பார்சலுக்கு என்ன செய்வது?

பதில்: வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுத்துச் செல்லுங்கள், கத்திரிக்காய்த் தொக்குக்கும் தயிர்ப் பச்சடிக்கும் சிறு டப்பாக்கள் போதும். சூடான சோற்றின் மேல் பிளாஸ்டிக் தாள் படாமல் இருப்பது உடம்புக்கும் நல்லது.

குடியாத்தம், மளிகைக் கடைக்காரர்: 'மக்கும் பை' என்று விற்கிறார்களே, வாங்கி வைக்கலாமா?

பதில்: நான் ஒருமுறை ஏமாந்ததைச் சொல்கிறேன். பச்சை இலைப் படம் போட்ட ஒரு கட்டுப் பையை வாங்கி, இரண்டை எங்கள் உரக்குழியில் போட்டு வைத்தேன். எட்டு மாதம் கழித்து உரத்தைச் சலித்தபோது பை மக்கியிருக்கவில்லை. நகக்கண் அளவு துணுக்குகளாக நொறுங்கி, மண்ணோடு கலந்து, பொறுக்கியெடுக்க முடியாதபடி சல்லடையெங்கும் கிடந்தது. உண்மையான மக்கும் பைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும், அதன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவற்றிலும் பல, சூடு நிறைந்த தொழிற்கூட உரக்கிடங்கில்தான் மக்கும், தெருவோரச் சாக்கடையில் மக்காது. துணிபோலத் தோன்றும் நெய்யாத பைகளும் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் அதுவும் ஒன்று.

உங்கள் ஊர்த் தறியிலேயே துணி இருக்கும்போது மஞ்சப்பையே நல்ல வழி. ஆனால் பருத்தி விளையவும் நிறையத் தண்ணீர் செலவாகிறது. புவி வெப்பத்தை மட்டும் கணக்கில் கொண்டால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையை விடப் பருத்திப் பை மேலாக வேண்டுமானால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் கணக்கிட்டது. எனவே வருகிறவர்களுக்கெல்லாம் புதுப் பை கொடுப்பதை விட்டுவிட்டு, பையோடு வருபவருக்கு இரண்டு ரூபாய் தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள். பொய்யாகப் பச்சை வேடம் போடும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 2024 அக்டோபரில் நடுவண் அரசு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யலாம்.

ஆற்காடு, மாணவர்: கைப்பேசியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம்?

பதில்: முடிந்தவரை மாற்றாதீர்கள் தம்பி. கைப்பேசியால் வரும் மாசில் பெரும்பகுதி அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பேட்டரி தளர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். பழையதைக் காயலான் கடையில் போட்டால் கம்பியை எரித்துச் செம்பு எடுப்பார்கள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ தயாரிப்பாளரின் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள்.

கணியம்பாடி, விவசாயி: எங்கள் வீட்டில் இன்னும் மண்பானைத் தண்ணீர்தான். பிள்ளைகள் பிரிட்ஜ் தண்ணீர் கேட்கிறார்கள். பானை பழைய காலத்துப் பொருளாகிவிட்டதா?

பதில்: நம் நாட்டில் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்காக 1991இல் தொடங்கிய எகோமார்க் முத்திரையின் சின்னமே மண்பானைதான் ஐயா. நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்கிறது. காற்றில் ஈரப்பதம் குறைந்த நம் சித்திரை, வைகாசி வெயிலில் அது நன்றாக வேலை செய்யும், ஐப்பசி மழையில் அவ்வளவாகக் குளிராது. பானை இப்போது முன்போல் குளிரவில்லை என்றால் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் துளைகள் அடைந்துவிட்டன என்று பொருள். சோப்பு போடாமல் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் புதுப் பானை வாங்கலாம். கரிகிரி பக்கம் மண்பாண்டத் தொழில் இன்னும் இருக்கிறது. தண்ணீருக்கு மெருகு பூசாத பானையாகக் கேட்டு வாங்கி, ஈர மணலைப் பரப்பி அதன் மேல் வைத்தால், பிள்ளைகள் பிரிட்ஜைத் திறக்க மாட்டார்கள்.