2012 மாடல் வேகன் ஆர் வாங்கித் தினமும் ஓட்டலாமா?
தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் ஆபீஸ் போய்வர 2012 பெட்ரோல் வேகன் ஆர் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தாங்கும், ஆனால் அது யார் கையில் எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். அதிலுள்ள கே-சீரிஸ் இன்ஜினில் அவ்வப்போது மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் பெரிதாகச் செலவு வைக்காது. உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டாம்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதா என்று முதலில் பாருங்கள். கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப் போவதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை தெரிந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பி விடுங்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்பில் துரு ஏறியிருந்தாலும் சந்தேகம்தான்.

அப்புறம், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. நீங்கள் போகும் முன்பே சூடுபண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று, 15 வருடத்துக்குத்தான், 2012 வண்டிக்கு 2027 வரை. பிறகு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானதா என்ற சோதனை) பார்த்து, பழைய வண்டிக்கான பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணமும் 5,000 ரூபாய் ஆகிவிட்டது. இதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். ஆர்சியில் லோன் பதிவு இருந்தால் கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் என்ஓசியும், லோன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.