வரிக்குதிரை மீன் கருவில் இரத்தக் குழாய்கள் எப்படிக் கிளைத்து இணைகின்றன?

குமுளி மலைக்கு இந்தப் பக்கம், எங்கள் கம்பத்துத் திராட்சைப் பந்தலில் கொடியின் நுனி கம்பியைத் தேடித் துழாவும். ஏறக்குறைய அதேதான் இங்கும்.

கருவுற்ற 22 மணி நேர அளவில், முதுகுப் பெருந்தமனியின் சுவரிலிருந்து ஒரு செல் தலை நீட்டும். வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தின் ஈர்ப்பு அது. இந்த நுனிச்செல் மெல்லிய விரல்களால் தடவித் தடவி மேலே ஏறும். பக்கத்துச் செல்களை, செல்லுக்குச் செல் தொட்டுச் சொல்லும் ‘நாட்ச்’ சமிக்ஞையால் அடக்கிப் பின்னால் வரவைக்கும். (எல்லோரும் தலைவரானால் குழாய் ஏது?)

முதுகை எட்டியதும் இருபுறமும் கிளைத்து, பக்கத்தில் இதேபோல் ஏறிவந்த கிளையின் விரல்களைத் தொடும். கொடி உவமை இங்கே முறிகிறது: இரு கொடிகள் இப்படி ஒன்றாவதில்லை. தொட்ட இடத்தில் ஒட்டுப்புரதங்கள் முதலில் புள்ளியாகச் சேரும். புள்ளி வளையமாக விரியும். பிறகு உள்ளே வழி திறந்து இரத்தம் ஓடும். கரு கண்ணாடிபோல் இருப்பதால், இத்தனையையும் நுண்ணோக்கியில் உயிரோடு பார்க்கலாம்.