டர்பன் மாநாடும் டோங்காட் தண்ணீரும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். என் மகள் கிரேடு 11 படிக்கிறாள். 2011-இல் நம் டர்பனில் நடந்த பருவநிலை மாநாட்டைப் பற்றிப் புவியியல் பாடத்துக்கு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். "அதனால என்னம்மா நடந்தது?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. 2022 வெள்ளத்தில் இங்கே டோங்காட் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல், தண்ணீர் லாரிக்காகப் பக்கெட்டோடு நின்றதுதான் எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக ஊர் ஊராகக் கூடிப் பேசுகிறார்கள். புகையோ கூடிக்கொண்டேதான் போகிறது. 1917-லும் வெள்ளம் வந்தது, 1987-லும் வந்தது, இதெல்லாம் இயற்கை என்கிறார் என் மாமா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, டோங்காட், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தங்கைக்கு,

மாமா சொல்லும் இரண்டு வெள்ளமும் உண்மை. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு கரை புரண்டபோது மாரிமுத்து படவட்டனும் அவரோடு ஐந்து பேரும் மீன்பிடிப் படகில் திரும்பத் திரும்பப் போய் 176 உயிர்களைக் கரை சேர்த்தார்கள். நம்மவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய கதை அது. ஆனால் 2022 ஏப்ரலில் நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன மழையை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள், முன்பு சுமார் 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியதாக இருந்த அப்படிப்பட்ட மழை இப்போது சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். பூமி சூடானதுதான் காரணம். சரிவிலும் ஆற்றோரத்திலும் குடிசை போட வேண்டிய நிலையில் ஏழைகளை விட்டதற்குப் பூமியைக் குறை சொல்ல முடியாது, அது நம் நாட்டின் பழைய பாவம். இரண்டும் சேர்ந்துதான் அத்தனை பேரைக் கொன்றது.

இனி உங்கள் கேள்வி. முப்பது வருஷப் பேச்சில் கரியமில வாயு, டிகிரி, சதவீதம் என்று என்னென்னவோ காதில் விழும். அடியில் ஓடுவது ஒரே வழக்கு: கெடுத்தது யார், செலவு யார் தலையில்? இந்த வழக்கைத் தொடுத்தது பெரிய நாடு எதுவுமில்லை. ரியோ பருவநிலை ஒப்பந்தத்துக்கான பேச்சு நடந்துகொண்டிருந்த 1991-இலேயே, கடல் மட்டம் உயர்ந்து தீவுகள் இழப்பதை ஈடுகட்ட ஒரு காப்பீட்டு நிதி வேண்டும், தொழில்வள நாடுகள் தங்கள் வருமானத்துக்கும் புகைக்கும் ஏற்ப அதில் பணம் போட வேண்டும் என்று சின்னஞ்சிறு தீவுகளின் சார்பில் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு எழுதிக் கொடுத்தது. பணக்கார நாடுகள் அதை ஏற்கவில்லை. 1992-இல் ரியோவில் கையெழுத்துக்கு வைத்த ஒப்பந்தத்தில் அந்த நிதி இல்லை. நம் பக்கத்துத் தீவான மொரிஷியஸ்தான் அந்த ஒப்பந்தத்தை முதன்முதலில் உறுதி செய்த நாடு என்பதையும் மகள் எழுதலாம்.

1997-இல் ஜப்பானின் கியோட்டோவில் அடுத்த உடன்பாடு. பணக்கார நாடுகள் மட்டும் 2008 முதல் 2012 வரைக்குள் தங்கள் புகையைச் சராசரியாக 5.2 சதவீதம் குறைப்பதாக ஏற்றன. ஏழை நாடுகளைக் கட்டாத எந்த உடன்பாடும் வேண்டாம் என்று அதற்குச் சில மாதம் முன்பே அமெரிக்க செனட் 95-க்கு 0 என்று வாக்களித்திருந்தது. 2001-இல் அமெரிக்க அதிபர் புஷ் கியோட்டோவை ஒரேயடியாகக் கைகழுவினார். என் கணக்கில் இந்த வரலாற்றிலேயே பெரிய இழப்பு அதற்குப் பின்னால் வந்த பத்து வருஷம்தான். 2009 கோபன்ஹேகன் மாநாட்டில் கடைசி நேரத்தில் அமெரிக்காவோடு உட்கார்ந்து பேசி முடித்த நால்வரில் நம் அன்றைய அதிபர் ஜூமாவும் ஒருவர். மற்றவர்கள் இந்தியா, சீனா, பிரேசில். 2020-க்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்ற பணக்கார நாடுகளின் வாக்குறுதி அங்கே பிறந்தது. நிறைவேறியது 2022-இல்.

டர்பனுக்கு வருகிறேன். மாநாடு தொடங்குவதற்கு முந்தைய இரவே இங்கே பேய்மழை கொட்டி உயிர்களைப் பறித்தது, உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய பேச்சு ஞாயிறு விடிகாலை வரை இழுத்தது. தலைமை வகித்தவர் நம் அன்றைய வெளியுறவு அமைச்சர் மைட்டே இன்கோவானா-மஷாபானே. முடிச்சு இதுதான்: இனி எல்லா நாடுகளையும் சட்டப்படி கட்டும் ஒப்பந்தம் வேண்டும் என்றார் ஐரோப்பாவின் கோனி ஹெடகார்ட். நேற்று வரை புகைத்தவர்களையும் இன்றைக்குத்தான் மின்விளக்கு ஏற்றுபவர்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா, நூற்றிருபது கோடி மக்களின் வாழ்வை வெற்றுத்தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று நிமிர்ந்து கேட்டார் இந்தியாவின் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன். சென்னைக்காரர், பக்தவத்சலத்தின் பேத்தி. நீங்களே பேசி முடித்து வாருங்கள் என்று தலைவர் சொல்ல, இரண்டு பெண்களும் மண்டபத்தின் நடுவில் நின்றபடியே பேசினார்கள். சுற்றிலும் பிற நாட்டுப் பிரதிநிதிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பிரேசில்காரர் ஒருவர் சொன்ன சொற்றொடரில் இருவரும் உடன்பட்டார்கள். 2015-க்குள் எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் உடன்பாடு, 2020 முதல் நடைமுறை. மறுநாளே கனடா கியோட்டோவிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

ஆக, "என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு என் பதில்: பணக்காரர், ஏழை என்று ரியோவில் போட்ட மதில் டர்பனில் உடைந்தது. சீனா அதற்குள் உலகிலேயே அதிகம் புகைக்கும் நாடாகிவிட்டது, அதனால் உடையத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த டர்பன் முடிவில் நியாயப் பங்கீடு என்ற பேச்சே எழுத்தில் இல்லை. ஜெயந்தி நடராஜன் கேட்ட கேள்வி சரியான கேள்வி, அதற்கு இன்று வரை பதில் வரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அதே மாநாட்டில் மதுரையில் பிறந்து கனடாவில் வளர்ந்த அஞ்சலி அப்பாதுரை என்ற மாணவி இளைஞர்கள் சார்பில் மேடையேறி, என் வாழ்நாள் முழுக்க நீங்கள் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று அத்தனை அமைச்சர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். உங்கள் மகளுக்கு அந்தப் பேச்சைக் காட்டுங்கள். இணையத்தில் கிடைக்கிறது, சில நிமிடம்தான்.

டர்பன் போட்ட பாதையில்தான் 2015-இல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தது. வனுவாட்டு எழுப்பிய இழப்பு-சேதம் அங்கே தனிப் பிரிவாகவே இடம்பிடித்தது. கூடவே, இதை வைத்து யாரும் பொறுப்போ நஷ்டஈடோ கோர முடியாது என்று ஒப்பந்தத்தோடு சேர்ந்த மாநாட்டு முடிவின் 51-ஆம் பத்தியில் பணக்கார நாடுகள் எழுதி வாங்கிக்கொண்டன. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. 2022 நவம்பரில், நம் வெள்ளம் வந்து ஏழே மாதத்தில், எகிப்தில் இழப்பு-சேத நிதி ஒன்று தொடங்க ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். வனுவாட்டு கேட்டு 31 வருஷம். அடுத்த ஆண்டு துபாயில் வாக்களித்த தொகை சுமார் 70 கோடி டாலர். ஒரே ஒரு பெரும் வெள்ளத்தின் சேதத்துக்கே காணாது. 2025-இல் அமெரிக்கா அந்த நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகியது. நிலக்கரியிலிருந்து வெளியேற நம் நாட்டுக்குத் தருவதாக இருந்த உதவியிலிருந்தும் விலகியது.

அப்படியானால் பேச்சு வீணா? இல்லை என்கிறேன். பாரிசுக்கு முன் உலகம் இந்த நூற்றாண்டுக்குள் கிட்டத்தட்ட 4 டிகிரி சூட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இப்போதுள்ள கொள்கைகள் 3-க்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் விடும் என்கிறது ஐ.நா. கணக்கு. அது போதாது, ஆனால் அந்த ஒரு டிகிரியில் எத்தனையோ கடற்கரை ஊர்களின் உயிர் இருக்கிறது. இன்னொன்று, சில லட்சம் பேர் வாழும் வனுவாட்டு அமெரிக்காவைக் கேள்வி கேட்க உலகத்தில் வேறு எங்கே இடமிருக்கிறது? அந்த வனுவாட்டுதான் பசிபிக் மாணவர்கள் தொடங்கிய கோரிக்கையைச் சர்வதேச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் ஈடுசெய்ய வேண்டி வரலாம் என்று 2025 ஜூலையில் அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. 51-ஆம் பத்தி அடைத்த கதவு வேறு பக்கமாகத் திறந்திருக்கிறது.

நம் பங்கையும் மறைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவிலேயே அதிகம் புகைக்கும் நாடு நம்முடையது. மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலக்கரி. மலாவிக்காரரோ மொசாம்பிக்காரரோ நம்மைப் பார்த்து அதே வழக்கைத் தொடுக்கலாம். மகள் இதையும் எழுதட்டும்.

டர்பன் முடிவு இரண்டே பக்கம்தான். அதையும் பாரிசின் 51-ஆம் பத்தியையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத இடங்களைக் குறித்து அனுப்பினால் நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். ஒப்படைக்க வேண்டிய தேதியைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
அண்ணா