அன்னை தெரசா கையெழுத்திட்ட படம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் அப்பா எண்பதுகளில் கொல்கத்தாவில் வேலை பார்த்தவர். காளிகாட்டில் அன்னை தெரசாவை நேரில் பார்த்ததை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய 80ஆவது பிறந்தநாளுக்குக் கொடுக்க, அன்னை தெரசா கையெழுத்திட்ட உருவப்படம் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். ஃபிரேம் போட்டது. கீழே யாரோ ஒருவர் பெயர், 'காட் பிளெஸ் யூ' என்ற வாழ்த்து, கையெழுத்து, 1986 என்ற ஆண்டு. விலை 45,000 ரூபாய். 'ஒரிஜினல், சான்றிதழ் உண்டு' என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள். முதலில் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: 'இது அன்னை தெரசா தன் கையால், பேனாவால் போட்ட கையெழுத்துதானா?' உருவப்பட அச்சுகளில் ஓவியர் தம் கையெழுத்தைப் பென்சிலில் ஓரத்தில் போடுவது வழக்கம். அதையும் 'கையெழுத்திட்ட அன்னை தெரசா படம்' என்று விளம்பரம் செய்வார்கள். படத்தோடு சேர்த்தே அச்சடிக்கப்பட்ட கையெழுத்தும் உண்டு. நேரான கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

'ஆம்' என்று பதில் வந்தால், ஃபிரேமிலிருந்து வெளியே எடுத்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் படத்தை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. கையெழுத்தின் மேல் பக்கவாட்டில் வெளிச்சம் விழுமாறு ஒரு குளோசப்பும் வேண்டும். நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். ஆப்செட்டில் அச்சான கையெழுத்து லென்ஸில் பெரும்பாலும் பொடிப்பொடியான புள்ளிகளாகத் தெரியும். பேனா மை என்றால் கோடு அறுபடாமல் ஓடும். கோடுகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். பால்பாயின்ட் என்றால் காகிதத்தில் லேசான பள்ளம் விழுந்திருக்கும். ஆனால் பேனாவால் போட்ட போலியும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அச்சுக் கையெழுத்தை ஒதுக்க மட்டுமே இது உதவும்.

போலிகள் அதிகம் மாட்டிக்கொள்வது தேதியில்தான். அன்னை தெரசா காலமானது 1997 செப்டம்பர் 5. புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் 2003இல், புனிதர் பட்டம் 2016 செப்டம்பர் 4இல். ஆகவே படத்தின் அடியில் 'புனித தெரசா' என்று அச்சாகியிருந்தால் அதில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கவே முடியாது. உங்கள் படத்தில் 1986 என்று இருப்பதால் இன்னொரு கேள்வி முக்கியமாகிறது: அந்தப் புகைப்படம் எப்போது எடுக்கப்பட்டது? தொண்ணூறுகளில் எடுத்த முகத்தின் கீழே 1986 என்று எழுதியிருந்தால் விஷயம் முடிந்தது. பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையோ காகிதத் தயாரிப்பாளர் பெயரோ இருந்தால் அதையும் இந்த ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

கையெழுத்தை ஒப்பிடும்போது அதே காலத்து மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். 1986இல் அவருக்கு வயது 76. அறுபதுகளில் எழுதிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு 'பொருந்துகிறது' என்றால் அதில் அர்த்தமில்லை. பெயருக்குப் பின்னால் அவருடைய 'மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி' சபையைக் குறிக்கும் 'எம்.சி.' என்ற எழுத்துகளைச் சேர்ப்பது அவர் வழக்கம். போலி செய்பவர் பார்த்து வரைவதால் கோடு தயங்கித் தயங்கிப் போகும், நடுவில் பேனா நின்ற இடம் மைப்புள்ளியாகத் தெரியும். தன்னைத் தேடி வந்த பலருக்கும் அவர் இப்படி வாழ்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். 'மிக மிக அரிது, நாளைக்குக் கிடைக்காது' என்று உங்களை அவசரப்படுத்தினால் அந்தப் பேச்சே சந்தேகத்துக்குரியது.

சான்றிதழைப் பொறுத்தவரை, விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு நான் எந்த மதிப்பும் தரமாட்டேன். கையெழுத்துகளைச் சோதித்துச் சொல்லும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ போன்ற அமெரிக்க நிறுவனங்களின் சான்று என்றால், அதிலுள்ள எண்ணை அவர்களுடைய தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அதுவும் நிபுணர் கருத்துதான், முழு உத்தரவாதம் ஆகாது. எதையும்விடப் பெரிய சாட்சி, படம் கைமாறி வந்த கதைக்கான காகிதங்கள்: அதனோடு வந்த கடிதம், தபால் முத்திரையுள்ள உறை, பெற்றவர் அவரோடு நிற்கும் புகைப்படம். வாய்வார்த்தைக் கதைக்கு 45,000 ரூபாய் கொடுக்காதீர்கள்.

எல்லாம் தேறி வாங்கினால், தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். நம் ஊரில் பாதுகாப்பு என்று நினைத்து இதைத்தான் முதலில் செய்கிறோம். அந்தக் கணமே அதன் மதிப்பு போய்விடும். அமிலமில்லாத அட்டையில், கண்ணாடி படத்தைத் தொடாதபடி மாட்டி, வெயில் படாத சுவரில் வையுங்கள். மழைக்காலத்தில் ராமபாணப் பூச்சி வருகிறதா என்று பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேறொருவர் பெயர் எழுதியிருந்தால் மதிப்பு குறையும் என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: விளையாட்டு, சினிமா ஆட்டோகிராப்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இதுபோன்ற படத்தில் நான் பெயர் எழுதியதையே தேர்ந்தெடுப்பேன். வெறும் கையெழுத்தைப் பழகிப் போட்டுவிடலாம். ஒரு வரி முழுக்க அதே கையில் எழுதுவது கடினம். ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடுதல் எழுத்து கிடைக்கிறது, யாரிடமிருந்து வந்தது என்று விசாரிக்கவும் வழி கிடைக்கிறது. பெயரைச் சுரண்டி அழித்த படத்தை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே இப்படி ஒரு படத்தை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். ஃபிரேமைப் பிரித்தால் கையெழுத்து வெறும் அச்சு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார் விற்பவர்.
– வாசகர், கோவை

பதில்: அந்த வாசகம் இங்கே செல்லாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, போலியான அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற ஆன்லைன் விற்பனையாளர் மறுக்க முடியாது. ஆனால் தொழிலாக இல்லாமல், தன் வீட்டுப் பொருளை ஒருமுறை விற்ற தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. எனவே அவர் தொடர்ந்து விற்பவர் என்பதைக் காட்டும் அவருடைய மற்ற விளம்பரங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்கள் லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியிருந்தால் சட்டம் உங்களை நுகர்வோராகக் கருதாது.

விளம்பரம், உரையாடல், பணம் செலுத்திய ரசீது மூன்றையும் திரட்டிக்கொண்டு, முதலில் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். இதற்கிடையில் படத்தை விற்பவருக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பணம் தருவதாக அவர் எழுதிக் கொடுத்த பிறகு, வீடியோ எடுத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.