டிவி, டிஷ் ரிசீவர்ல ஒளிச்சு வச்சிருக்கிற டெஸ்ட் ஸ்கிரீனை எப்படி எடுக்கிறது, எடுத்து ஏதும் பிரயோசனம் இருக்கா?

இருக்கு, ஆனா நீங்க நினைக்கிற பிரயோசனம் இல்ல. ரகசிய சனல் ஒண்டும் வராது, படமும் கூடுதலா கிளியர் ஆகாது. பிழை எங்க இருக்கு எண்டு காட்டும், அவ்வளவுதான். நான் டிவி திருத்துற ஆளும் இல்ல, மட்டக்களப்பு கல்லடியில மாமிட வீட்டு டிஷ்ஷோட மல்லுக்கட்டித்தான் இதெல்லாம் பழகினன்.

போன மாரிக்கு மாமி கோல் எடுத்தா, "மனே, பாதிச் சனல் வருது பாதி வரல்ல, நான் பாக்கிறது எல்லாம் அந்த வராத பாதியிலதான் கிடக்கு" எண்டு. டிஷ் பூட்டுற ஒராள் வந்து எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால சிக்னலைப் பிடிக்கிற சின்னத் தலை) போயிட்டு எண்டு சொல்லி புதுசு போட்டு காசும் வாங்கிட்டுப் போயிருக்கார், அடுத்த நாளும் அதே கதை. நான் போய் ரிமோட்ல மெனுவை அமத்தி இன்ஸ்டலேஷன் எண்டதுக்குள்ள போனன், பின் நம்பர் கேட்டிச்சு, 0000 அடிச்சன், திறந்திட்டு (கன பொக்ஸ்ல 0000, இல்லாட்டி 1234, மாத்தாம அப்படியே கிடக்கும்). அங்க ஒவ்வொரு டிரான்ஸ்பொண்டரும் (சட்டலைட்ல சனல்களை அனுப்புற பகுதி) வரிசையா நிக்கும், பிரீக்குவன்சி, அதுக்குப் பக்கத்துல வி அல்லது எச், கீழ ரெண்டு கோடு, ஒண்டு ஸ்ட்ரெந்த் மற்றது குவாலிட்டி. மாமிட கரண்ட் பில்லுக்குப் பின்பக்கம் எல்லாத்தையும் எழுதினன். வி எண்டு போட்டது எல்லாம் 66, 68, 70. எச் எண்டது எல்லாம் சைபர், ஒண்டு கூடத் தப்பல்ல. ஸ்ட்ரெந்த் மட்டும் எல்லாத்துலயும் 80க்கு மேல.

இந்த ஸ்ட்ரெந்த் கோட்டைப் பார்த்துத்தான் முக்காவாசிப் பேர் ஏமாறுறது. அது வயர்ல வாற இரைச்சலையும் சேர்த்துத்தான் அளக்கிறது, டிஷ்ஷை மதிலைப் பார்த்துத் திருப்பி வச்சாலும் அந்தக் கோடு நிக்கும். குவாலிட்டிதான் கதை.

எச் மட்டும் ஏன் போகுது எண்டா, ரிசீவர் அதே வயரால எல்என்பிக்கு கரண்டும் அனுப்புது, 13 வோல்ட் போனா எல்என்பி வெர்ட்டிகலை (வி, நிமிர்ந்த அலை) எடுக்கும், 18 போனா ஹொரிசொன்டலை (எச், படுத்த அலை) எடுக்கும். அப்ப புது எல்என்பி போட்டும் எச் மொத்தமாப் போனா அநேகமா 18 மேல போய்ச் சேரல்ல எண்டு அர்த்தம், எத்தனை புது எல்என்பி போட்டாலும் சரிவராது. இதே மாதிரி 11700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளது வந்து மேல உள்ளது வராட்டி, எல்என்பியை மேல் பிரீக்குவன்சிக்கு மாறச் சொல்லி ரிசீவர் அனுப்புற 22 கிலோஹெர்ட்ஸ் டோன்ல பிழை, இல்லாட்டி செட்டிங்ல எல்ஓ பிரீக்குவன்சியை (சிக்னலை இறக்க எல்என்பி உள்ளுக்குப் பாவிக்கிறது) 9750 / 10600 எண்டு வைக்கிறதுக்குப் பதிலா வேற என்னமும் வச்சிருப்பாங்க.

மறுகா பொக்ஸைக் கழட்டிக் கொண்டு போய் என்ட வீட்டு வயர்ல கொழுவினன், எச் எல்லாம் வந்திச்சு, அப்ப பொக்ஸ் நல்லம். மிச்சம் வயர்தான். கூரையில ஏறிப் பார்த்தா எல்என்பிக்குப் போற கனெக்டர்ல பச்சைப் பூஞ்சணம் மாதிரிக் களிம்பு, கடல் காத்து தின்னுட்டு. வயரை நாலு விரல் வெட்டினன், உள்ளுக்குப் பின்னல் கம்பி கறுப்பு, இன்னும் வெட்டினன், அதுவும் கறுப்பு, அரை முழம் போனதுக்குப் பிறகுதான் மினுங்குற கம்பி வந்திச்சு. மழைத்தண்ணி அவ்வளவு தூரம் ஊறி இறங்கியிருக்கு. புதுக் கனெக்டர் போட்டு டேப் சுத்தினன், எச் 64. புது எல்என்பிக்குக் குடுத்த காசை மாமி இப்பவும் சொல்லிச் சொல்லி ஏசுவா.

ஒரு விசயம், நல்ல வெயில் நாள்ல அந்த நம்பரை ஒரு போட்டோ எடுத்து வைங்க. நாம இருக்கிறது 7.7 பாகை வடக்குல, அதால டிஷ் நல்லா அண்ணாந்துதான் பாக்கும், 93.5 பாகைச் சட்டலைட் எண்டா தென்கிழக்கே கடல் பக்கம். மழைக்கு குவாலிட்டி விழுந்தா மழை விட்டதும் தானா வரும், அதுக்கு ஏணி எடுக்கத் தேவல்ல. வெயில் நாளிலயும் பழைய நம்பரை விடக் குறைஞ்சு நிண்டாத்தான் மேல ஏறணும்.

இனி டிவி. சாம்சங் பழைய மொடல்கள்ல டிவியை ஸ்டான்ட்பையில வச்சு இன்ஃபோ, மெனு, மியூட், பவர் எண்டு அடுத்தடுத்து அமத்தணும், சிலதுக்கு மியூட், 1, 8, 2, பவர். சோனிக்கு ஸ்டான்ட்பையில டிஸ்ப்ளே, 5, வொலியும் குறைக்கிற பட்டன், பவர், அதுல என்ன எரர் எத்தனை தரம் வந்தது எண்டு கணக்கே இருக்கும். சைனா போர்ட் போட்ட மலிவு டிவி கனக்க மெனுவுக்குள்ள போய் 1147 அடிச்சாத் திறக்கும். எல்ஜிக்கு சர்வீஸ் ரிமோட் வேணும், இல்லாட்டி ஐஆர் (ரிமோட் மாதிரி வேலை செய்ற கதிர்) உள்ள போன் (என்ட பழைய ஷாவோமி போன்ல இருக்கு), பாஸ்வேர்ட் கேட்டா 0413. உள்ளுக்கு டெஸ்ட் பேட்டர்ன் எண்டு இருந்தா அதைப் போட்டுப் பாருங்க, முழு சிவப்பு, முழு பச்சை எண்டு டிவி தானே உண்டாக்கிற படம், அதுலயும் கோடு விழுந்தா பெனல் பக்கம் பிழை, அதுல கோடு இல்லாட்டி வயர், பொக்ஸ் பக்கம் தேடலாம்.

பாக்கிறதோட நிப்பாட்டுங்க, ஒண்டையும் மாத்தாதீங்க. நான் மாத்தினன். அந்த 1147க்குள்ள மிரர் எண்டு ஒண்டு இருந்திச்சு, என்னெண்டு பாப்பமே எண்டு அமத்தினன், மெட்ச் நடந்துகொண்டிருக்கு, பந்து வீசுறவன் தலைகீழா ஓடி வாறான், மெனுவும் தலைகீழ். அதுக்குள்ள பதகளிச்சு எல்விடிஎஸ் (போர்டுல இருந்து பெனலுக்குப் படம் போற வழி) எண்டதையும் தட்டிட்டன், கலர் எல்லாம் பேய் பிடிச்ச மாதிரி, புல்லு ஊதா, ஆக்கள்ர முகம் பச்சை. வாப்பாட டிவி எண்டா மானம் போயிருக்கும், நல்லவேளை கூட்டாளிட டிவி. போன்ல ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து அதைத் திருப்பிப் பார்த்து எந்த வரியில நிக்கிறன் எண்டு எண்ணி எண்ணி பழையபடி கொண்டு வர ஒரு மணித்தியாலம். முதல்ல ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்திருந்தா அஞ்சு நிமிச வேலை.

எனக்கு இதால உண்மையா காசு மிஞ்சினது ஒரு தரம், பழைய டிவி வாங்கப் போனப்ப. கல்முனைப் பக்கம் ஒராள், எல்ஜி டிவி, "ரெண்டு வருசம்தான் தம்பி பாவிச்சது, அதுவும் இடைக்கிடைதான்" எண்டார். எல்ஜிட அந்த ஸ்கிரீன்ல யுடிடி எண்டு இருக்கும், மொத்தம் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கு எண்ட கணக்கு. போனை நீட்டித் திறந்து பார்த்தா 21,400. ரெண்டு வருசம் ராப்பகலா நிப்பாட்டாம ஓட விட்டாலும் 17,520 மணித்தியாலம்தானே வரும். அதை அவருக்குக் காட்டினன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "புள்ளைகள் கார்ட்டூன் பாக்கிறது தம்பி" எண்டார்.