கிரெட்சல் செல் (சாயத்தால் ஒளியைப் பிடிக்கும் சூரிய மின்கலம்): கேள்விகளும் பதில்களும்

கே: கிரெட்சல் ஆரம்பத்திலிருந்தே சூரிய மின்கலம்தான் செய்தாரா?

இல்லை. 1972-ல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். 1977-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பேராசிரியரான மைக்கேல் கிரெட்சலும் ஒளியால் ஹைட்ரஜன் எடுக்கத்தான் முயன்றார். டைட்டானியா, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளைப் பொடி. கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சாது. அதனால் சாயம் ஏற்ற வேண்டும். சாயத்தைத் தடிமனாகப் பூசிப் பயனில்லை. டைட்டானியாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூலக்கூறுதான் எலெக்ட்ரானைச் சரியாகக் கைமாற்றும். ஒற்றை அடுக்கோ ஒளியை மிகச் சொற்பமாகவே பிடிக்கும். சில நானோமீட்டர் துகள்களை அடுக்கி 10 மைக்ரான் தடிமனில் பஞ்சு போன்ற படலம் செய்தபோதுதான் சிக்கல் தீர்ந்தது: அதே ஒற்றை அடுக்கு, ஆனால் உள்ளெல்லாம் பரப்பு. 1991-ல் பிரையன் ஓ'ரீகனும் கிரெட்சலும் நேச்சர் இதழில் வெளியிட்ட செயல்திறன் 7.1 முதல் 7.9 சதவீதம். எனக்கு இன்றும் பிரமிப்பு தரும் வேலை இது.

கே: மொட்டை மாடியில் பதிக்கலாமா?

வேண்டாம். சிலிக்கான் பேனல் வாங்குங்கள்.

கே: செம்பருத்திச் சாற்றைச் சாயமாக வைத்துச் செய்யலாமா?

பள்ளிச் செய்முறைக்குத் தாராளமாக. மின்கடத்தும் கண்ணாடியில் டைட்டானியாப் பசையைத் தடவி, 450 டிகிரியில் சுட்டு, ஆறியபின் சாற்றில் ஊறவையுங்கள். டைட்டானியாப் பசைக்குப் பதில் சுவர் பெயின்ட் ஆகாது. அதில் பிணைப்புப் பொருள் இருக்கிறது.

கே: பெரோவ்ஸ்கைட் என்ற படிகப்பொருளால் ஒளியைப் பிடிக்கும் மின்கலமும் கிரெட்சல் கண்டுபிடித்ததுதானே? "இல்லை, ஜப்பானின் மியாசகாதான்" என்று ஒருவர் மறுக்கிறாரே?

மறுத்தவர் சொன்னது சரி. 2009-ல் மியாசகா குழு 3.8 சதவீதம் காட்டியது. ஆனால் அதோடு நிறுத்தினால் கதை பாதிதான். அவர்கள் பெரோவ்ஸ்கைட்டைச் சாயத்தின் இடத்தில் வைத்தது கிரெட்சல் வகைக் கலத்தில். அந்தக் கலத்தில் மின்னூட்டத்தைக் கடத்தும் அயோடைடு திரவம் பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்துவிட்டது. திரவத்துக்குப் பதில் ஸ்பைரோ-ஓமீடாட் என்ற திடப்பொருளைப் போடும் வித்தையை 1998-லேயே லோசான் கூட்டணி சாயக் கலத்தில் காட்டியது. 2012-ல் நாம்-கியூ பார்க்கும் கிரெட்சலும் அதைக்கொண்டு 9.7 சதவீதம் எட்டினார்கள். அதே ஆண்டு மியாசகாவோடு சேர்ந்து 10.9 காட்டிய ஹென்றி ஸ்னெய்த், கிரெட்சல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஒருவருக்கு மட்டும் பட்டம் கட்டாதீர்கள்.

அப்புறம், எந்தச் சதவீதத்தைப் படித்தாலும் செல்லின் பரப்பளவையும் பாருங்கள். நகத்தளவு செல்லின் எண்ணைப் பேனலுக்குப் பொருத்தக்கூடாது.

கே: வீட்டுக் கூரைக்குக் கிரெட்சல் செல்...

மேலே சொல்லிவிட்டேன். மங்கிய உள்ளரங்க ஒளியில் ஓடும் சின்னக் கருவிகளுக்குத்தான் இது பொருத்தம்.

கே: புதிதாக 30 சதவீதச் செயல்திறன் என்கிறார்களே?

பரப்பளவு எவ்வளவு? ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அடுக்குச் செல்லா, தனிச் செல்லா? அதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கே: பிஎச்.டி.க்கு எந்தத் தலைப்பு எடுக்கலாம்?

நிலைப்புத்தன்மை. சேரும் முன், அந்த ஆய்வகம் செல்களை வெப்பத்திலும் ஈரத்திலும் தொடர்ந்து ஒளியில் வைத்துச் சோதிக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.